கறுப்புக் கோட்டோடு மலையேறிய நொத்தாரிசு

மஸ்கெலியா பஸ் தரிப்பிடத்தில் நல்லதண்ணி பஸ்ஸைக் காத்து நின்றபோது, ஒரு முச்சக்கரவண்டி என் காலை உரசிக்கொண்டு வந்து நின்றது. ஓட்டிவந்த மனிதர் தலையை வெளியே நீட்டினார்.

"தம்பி, ஐடென்டி வச்சிருக்கீங்களா?"

காக்கி போடாத ஒருவர் அடையாள அட்டை கேட்டால் எங்கள் பக்கத்தில் யாரும் பதில் சொல்வதில்லை, நகர்ந்துவிடுவோம். நானும் நகர்ந்தேன். அதற்குள் பின்சீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஓடாத சாமி, நாந்தான்! சேர், இது எங்க மேட்டு லயத்துப் பையன். கெம்பஸ் முடிச்ச புள்ள."

எங்கள் தேயிலைத் தோட்டத்து மீனம்மா அக்கா. அவருக்குப் பக்கத்தில், மடியில் ஒரு பிரிண்டரைக் கட்டிப்பிடித்தபடி, கறுப்புக் கோட்டு போட்ட ஒரு கனத்த மனிதர் உட்கார்ந்திருந்தார். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பட்டதாரியா? பரவாயில்ல. கையெழுத்துப் போட வருமில்ல? ஏறுங்க."

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் முதல் பட்டதாரி நான். அந்தப் பட்டத்தை அவ்வளவு பெருந்தன்மையாக மன்னித்த முதல் மனிதர் சட்டத்தரணியும், பத்திரங்களைச் சான்றுபடுத்தும் நொத்தாரிசுமான டக்ளஸ்.

அவருக்கு ஹட்டனில் ஒரு கடைக்கு மேல் மாடியில் கந்தோர் இருந்தது. உறுதிப் பத்திரம் எழுத ஹட்டனுக்கு வந்தால் தோட்டத்து ஆளுக்கு அன்றைய பேர் விழாது, அதாவது அன்றைய சம்பளம் போயிற்று. கூட வருகிற இரண்டு சாட்சிக்காரருக்கும் அதே கதைதான். ஆகவே யாரும் வரவில்லை. கட்சிக்காரர்களைவிடக் கரப்பான்கள்தான் அதிகம் வந்துபோயின என்று டக்ளஸே சொல்லுவார். கடைசியில் கந்தோரைக் கொடுத்துவிட்டு செபமாலையின் முச்சக்கரவண்டியில் ஏறினார். செபமாலை சாரதி, செபமாலையே நிரந்தரச் சாட்சி. வண்டியின் பெட்டரியிலிருந்து வயர் இழுத்துப் பிரிண்டரை ஓட்டுவதும் அவர்தான். இன்னொரு சாட்சியைப் போகிற வழியில் பிடித்துக்கொள்வார்கள். அன்று வருவதாகச் சொன்ன ஆள் வராததால் என்னைப் பிடித்தார்கள்.

காரியம் இதுதான். நல்லதண்ணியில் ரண்பண்டா என்பவரின் வீட்டு முற்றம், பக்தர்கள் பாதம் கும்பிட மலைக்குப் போகிற பாதையை ஒட்டி இருக்கிறது. அதில் ஒரு சாப்பாட்டுக் கடை போட மீனம்மா அக்கா குத்தகைக்குக் கேட்டிருந்தார். குத்தகை உறுதி இருந்தால்தான் யாத்திரை சீசன் கடைக்கு அனுமதி. அனுமதிக்கு மறுநாள் காலைதான் கடைசி. இதை நம்பி அக்கா தோட்டத்தில் பேரை வெட்டிக்கொண்டு வந்திருந்தார். இது கைவிட்டுப் போனால் திரும்பக் கொழுந்துக் கூடையை மாட்டவும் வழியில்லை.

ரண்பண்டா வீட்டில் எல்லாம் ஒழுங்காகத்தான் தொடங்கியது. அக்கா தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, குங்குமம், குழைத்த மஞ்சள் எல்லாம் பரப்பிவைத்தார். டக்ளஸ் உறுதியை வாசித்தார். அக்காவின் கவனம் முழுக்க அணைந்து அணைந்து போகிற சூடத்தில் இருந்தது. ரண்பண்டாவின் கவனம் மலைக்குக் கொண்டுபோகக் கட்டிவைத்த தகரங்களில். மேலே அவருக்கு ஒரு தேத்தண்ணிக் கடை உண்டு, பௌர்ணமிப் போயா வரைக்கும் இறங்கமாட்டார். செபமாலை கொட்டாவி விட்டார். டக்ளஸ் தன் மைப்பேனாவை எடுத்து, குழந்தையைக் கொடுப்பதுபோல ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தார்.

"போல்பொயின்ட்ல போட்டா உறுதிக்கு மரியாத இல்ல" என்றார்.

மூன்று பிரதியிலும் எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். ரண்பண்டா தகரங்களைத் தோளில் தூக்கிக்கொண்டு கிளம்பினார். டக்ளஸ் உள்ளே போய் பிளேன்டீ குடித்தார். சீனியைக் கடித்துக்கொண்டு இரண்டாவது கோப்பையும் கேட்டார். வெளியே வந்தபோது அக்கா மூன்று பிரதிகளையும் தாம்பாளத்தில் அடுக்கி, நாலு மூலையிலும் மஞ்சள் பூசி, கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

கலியாணக் கடிதாசிக்குப் பூசுவோம். புதுக் கணக்குக் கொப்பிக்கும் பூசுவோம். வாழ்க்கையில் முதன்முதலாகச் சொந்தமாய் ஒரு உறுதி கைக்கு வந்தால் பூசாமல் இருப்போமா? அன்றைக்குத் தூறல் வேறு. மஞ்சள் ரசம் மாதிரி ஓடியது. வலது கீழ் மூலையில் இருந்த ரண்பண்டாவின் கையெழுத்து, மரியாதையான நீல மையோடு கரைந்து பச்சையாக வழிந்தது.

"யம்மா தாயே, என்ன காரியம் பண்ணிட்டீங்க!"

"மங்களமா இருக்கட்டும்னுதாங்க சேர்."

"மூணுலயுமா?"

"ஒண்ணுக்கு மட்டும் பூசினா நல்லாவா இருக்கும்?"

செபமாலை வண்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு சிரித்தார். "லோயரே, ஒங்க மைப்பேனா மரியாதயப் பாத்தீங்களா? நல்லா ஓடுது."

டக்ளஸ் சிரிக்கவில்லை. ரண்பண்டாவுக்குப் போன் எடுத்தார். மலையில் சிக்னல் இல்லை. பிரிண்டர் இருக்கிறது, புதுப் பிரதி எடுக்கலாம். ஆனால் குத்தகை கொடுப்பவர், வாங்குபவர், இரண்டு சாட்சிகள், நொத்தாரிசு ஆகிய ஐந்து பேரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இருந்து கையெழுத்துப் போட்டால்தான் அது உறுதி. ஐந்தில் ஒருவர் மலையேறிக்கொண்டிருந்தார்.

"நான் மலையேற மாட்டேன்" என்றார் டக்ளஸ். "நான் வேதக்காரன், சேர்ச்சுக்குப் போற ஆள். அதோட, அட்டைக் கடிக்குப் பயம்."

மீனம்மா அக்கா அழவில்லை. மஞ்சள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "அப்ப நான் திரும்பிப் போறதுக்கு எடமில்லங்க சேர்" என்று மட்டும் சொன்னார்.

டக்ளஸ் கொஞ்ச நேரம் மலையைப் பார்த்தார். மேகம் மூடியிருந்ததால் அது தெரியவில்லை. அதுவே அவருக்குத் தைரியம் கொடுத்திருக்க வேண்டும். காற்சட்டையைச் சப்பாத்துக்குள் செருகினார்.

"செபமாலை, எஞ்சினப் போடு. பிரின்ட் எடுக்கணும்."

நல்லதண்ணிப் பாதையில் எத்தனையோ விதமான பக்தர்களைப் பார்த்திருக்கிறேன். கறுப்புக் கோட்டும் கழுத்துப்பட்டியுமாக, உறுதித் தாள்களை ஷொப்பிங் பையில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, படிக்கு ஒரு பெருமூச்சு விட்டுக்கொண்டு போன ஒருவரை அன்றுதான் பார்த்தேன். கடைகளுக்குக் கம்பு நட்டுக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"இன்னும் எவ்வளவு தூரம்?"

"மலையில அப்படிக் கேக்கக் கூடாதுங்க சேர்" என்றார் அக்கா.

"ஏன், கேட்டா என்ன ஆகும்?"

"தூரம் கூடும்."

"கேட்காமலே கூடுதே!"

பக்தர்கள் குளித்துச் சுத்தமாகி ஏறுகிற சீத கங்குல ஓடைக்கரையில் ரண்பண்டாவைப் பிடித்தோம். தகரங்களை இறக்கிவைத்து முகம் கழுவிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் யாரோ செத்துவிட்டார்கள் என்று பயந்துபோனார். விஷயம் தெரிந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"கொண்டா, போடுறன்" என்று ஈரக்கையை நீட்டினார்.

"மொதல்ல கையத் தொடைங்க. பொறகு வாசிப்பேன். பொறகுதான் கையெழுத்து."

"கீழ வாசிச்சதுதானே லோயர் மாத்தயா?"

"அது செத்துப்போன கடதாசி. இது புதுக் கடதாசி, புது வாசிப்பு."

மூச்சு வாங்கியதால் மூன்று சொல்லுக்கு ஒருமுறை நிறுத்தி நிறுத்தி வாசித்தார். அந்த வேகத்தில் வாசித்ததால்தான் எல்லாருக்கும் காதில் விழுந்தது. குத்தகை முடிகிற இடம் வந்ததும் அக்கா கையை உயர்த்தினார்.

"என்னாங்க சேர், சித்திரை வருசப் பொறப்போட முடியுதுன்னு போட்டிருக்கு? அடுத்த மாசம் வெசாக் பண்டிகை வரைக்கும்தானே பேச்சு? வெசாக்குக்குத்தானே கூட்டமே வரும்?"

டக்ளஸ் தாளைப் பார்த்தார். பழைய குத்தகை ஒன்றை எடுத்து, பெயர்களை மட்டும் மாற்றி அடித்திருந்தார். கீழே கையெழுத்துப் போட்டோமே, அந்த மூன்று பிரதியிலும் அப்படித்தான் இருந்தது. மஞ்சள் ஓடாமல் இருந்திருந்தால் நல்ல வியாபார நேரத்தில் அக்கா கடையைப் பிரித்திருக்க வேண்டியதுதான்.

ரண்பண்டா தலையைச் சொறிந்தார். வெசாக்குக்கு அந்த முற்றத்தை மருமகனுக்குக் கொடுக்கும் யோசனை அவருக்கு இருந்திருக்கிறது. பேசியது வெசாக் வரைக்கும் என்பதும் அவருக்குத் தெரியும். மேலே பார்த்தார், ஓடையைப் பார்த்தார்.

"பேசினதுதான். இங்க வச்சு இல்லன்னு சொல்றது நல்லமில்ல. மாத்துங்க."

டக்ளஸ் திருத்தத்தைக் கையால் எழுதினார். ரண்பண்டாவும் அக்காவும் அந்த இடத்தில் சுருக்கொப்பம் வைத்தார்கள். தகரக் கட்டுத்தான் மேசை. செபமாலை குடை பிடித்தார். ஒரு அட்டை டக்ளஸின் கழுத்துப்பட்டிக்குள் நுழைவதை நான் பார்த்தேன். கையெழுத்து முடியட்டும் என்று சொல்லாமல் விட்டேன். கடைசியில் அவர் கோட்டுப் பையில் கைவிட்டு எடுத்து நீட்டியது போல்பொயின்ட்.

"லோயரே, மரியாத?" என்றார் செபமாலை.

"வாய மூடிட்டு சாட்சி போடு."

கையெழுத்திட்ட இடம் எதுவென்று நொத்தாரிசு எழுத வேண்டும். ஓடைக்கரை என்றே எழுதினார். மறுநாள் அனுமதி கொடுக்கிற கந்தோரில் இருந்த மாத்தயா அதை இரண்டு முறை வாசித்துவிட்டு, "இவர் மலைக்குமா போறார்?" என்று சிங்களத்தில் கேட்டார். அக்கா, "போவார். ஆனா கத்துவார்" என்றார். முத்திரை விழுந்தது.

மீனம்மா அக்காவின் கடை இப்போது நாலாவது சீசன் நடக்கிறது. இடியப்பமும் சம்பலும் விடியுமுன் தீர்ந்துவிடும். வெசாக் முடிந்துதான் பிரிக்கிறார். டக்ளஸுக்கு ஐம்பத்தைந்து வயது. ஹட்டனில் மனைவி அனுஷ்காவோடு இருக்கிறார், கந்தோர் இன்னும் இல்லை. சீசன் தொடங்குவதற்கு முந்திய வாரம் நல்லதண்ணியில் அக்காவின் கடை வாங்கில் உட்கார்ந்திருப்பார். மேலே கடை போடுகிறவர்கள் குத்தகைக்கு அங்கே இறங்கி வருகிறார்கள். அவர் ஏறுவதில்லை.