உடம்பு காணாமற்போன அன்னம்

அன்னத்துக்குக் கழுத்து இருந்தது, அலகு இருந்தது, உடம்பைத்தான் காணோம். நான் வேலை பார்த்த பாயின் கல்யாணப் பத்திரிகைக் கடையில், கணினித் திரையில் அது கிடந்த கோலத்தை நினைத்தால் இப்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை. என் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்த அண்ணி காலையிலிருந்து பாடுபட்டுப் புள்ளியும் நட்சத்திரக் குறியுமாகச் சொல்லச் சொல்ல, நான் தட்டெழுதிய படம் அது. ‘பதிவிடு’ என்ற பொத்தானை அழுத்தியதுதான் தாமதம், வரிகளெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. நட்சத்திரங்களில் பாதிக்கு மேல் மாயமாயின. மிச்சமிருந்த புள்ளிகள் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் சாய்ந்தும் நின்றன. அண்ணி திரையில் விரலை வைத்து மிச்ச நட்சத்திரங்களை எண்ணத் தொடங்கினார்.

அண்ணி என் பெரிய அண்ணனின் மனைவி. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுத் தறியில் நெய்தவர் அவர்தான், ஆனால் புடவை கடைக்குப் போனது அண்ணன் பெயரில். நெய்வதைவிட அண்ணிக்குப் பித்து, கிராப், அதாவது டிசைனுக்கான வரைபடம் போடுவதில். கட்டம் போட்ட தாளில், ஜரிகை வர வேண்டிய கட்டத்துக்கெல்லாம் ஒரு குறி வைப்பார். பட்டு மட்டும் ஓடும் கட்டத்தைச் சும்மா விட்டுவிடுவார். அப்படி அவர் போட்ட அன்னமும் மயிலும் ஒரு பீரோ நிறைய இருந்தன, ஒன்றுகூடத் தறிக்கு வரவில்லை. கடைக்காரர் கொடுக்கும் டிசைனைத்தான் நெய்ய வேண்டும். அண்ணனோ கம்பெனி வேலைக்குப் போய்விட்டார். தறி இருக்கும் முன்கூடத்தைத் தடுத்து, ஏனாத்தூரில் படிக்கும் பையன் ஒருவனுக்கு வாடகைக்கு விட ஏற்பாடும் செய்துவிட்டார். அண்ணி சண்டை போடவில்லை. தன் கிராப்பை நம்பி ஒரே ஓர் ஆர்டர் வந்தால் தறி இருக்கட்டும், ஞாயிற்றுக்கிழமைக்குள் வராவிட்டால் பிரித்துக்கொள்ளுங்கள் என்று தவணை மட்டும் வாங்கியிருந்தார்.

அந்த வாரம்தான் புடவைப் பிரியர்கள் கூடிப் பேசும் ஒரு வலைத்தளத்தில் அந்தக் கேள்வியைப் பார்த்தேன். மலேசியாவில் இருக்கும் ஒரு பெண் எழுதியிருந்தார். அவருடைய அம்மாவின் முகூர்த்தப் புடவை வெள்ளத்தில் நாசமாகிவிட்டது, பார்டரில் ஒரு சாண் துண்டுதான் மிச்சம், அதே அன்னத்தோடு தன் மகளுக்கு ஒரு புடவை வேண்டும். கூடவே ஒரு மங்கலான புகைப்படம். கீழே இரண்டு மூன்று கடைக்காரர்கள் ‘எல்லா டிசைனும் உண்டு, தொடர்புகொள்ளவும்’ என்று எழுதிவைத்திருந்தார்கள். அண்ணி என் கைப்பேசியைப் பிடுங்கி, படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். மறுநாள் காலை முழு கிராப்போடு கடைக்கு வந்து நின்றார். புதிதாகச் சேர்ந்தவர்கள் அந்தத் தளத்தில் படம் போட முடியாது, எழுத்து மட்டும்தான். நான் உதட்டைப் பிதுக்கியபோது அண்ணி சொன்னார்: “கட்டத்துல குறி வெக்கறதுதானே? ஜரிகைக்கு நட்சத்திரம் அடி, பட்டுக்குப் புள்ளி அடி. முடிஞ்சிபோச்சி.”

முடியத்தான் இல்லை. யாரோ ஒருவர் அதற்குள் கீழே வந்து, உங்கள் வீட்டுப் பூனை விசைப்பலகையில் நடந்துவிட்டதா என்று கேட்டுவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் பதிவையே அழித்திருப்பேன். அண்ணிதான் தடுத்தார். துணியில் பிசகு தெரிந்தால் நெசவாளி முதலில் திருப்பித்தான் பார்ப்பார். “இதுக்குப் பின்பக்கம் இருக்குதா, பாரு” என்றார். திருத்து என்ற பொத்தானை அழுத்தினேன். அன்னம் முழுசாக இருந்தது! கழுத்து, உடம்பு, வால், ஒரு நட்சத்திரம் குறையவில்லை. அப்படியானால் தப்பு எங்கள் கையில் இல்லை, காட்டும் விதத்தில்தான் இருக்கிறது.

அதற்குப் பிறகு நாங்கள் நாங்களாக இல்லை. பெட்டியின் ஓரத்தில் இருந்த சின்னக் கேள்விக்குறியை அழுத்தினால் ஆங்கிலத்தில் ஒரு விளக்கப் பக்கம் திறந்தது. நான் எழுத்துக்கூட்டி வாசிக்க, பாயும் பசைக் கையோடு எழுந்து வந்து பின்னால் நின்றுகொண்டார். ஒரு சொல்லுக்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு நட்சத்திரம் வைத்தால், தடித்த எழுத்தில் போடு என்று தளம் புரிந்துகொள்ளுமாம். ஒவ்வொன்று வைத்தால் சாய்த்துவிடுமாம். நாங்கள் ஜரிகை என்று வைத்ததையெல்லாம் அது தனக்கிட்ட உத்தரவாக எடுத்துக்கொண்டு, வேலை முடிந்ததும் குறியை விழுங்கியிருந்தது. இரண்டு வரிக்கு நடுவே ஒரு வெற்று வரி விடாவிட்டால் ஒரே வரியாகச் சேர்த்துவிடுவதும் அதன் வழக்கம்தான்.

தெரிந்துகொண்ட சந்தோஷத்தில் நான் கண்மண் தெரியாமல் ஆடினேன். வணக்கத்தைத் தடிக்கவைத்தேன், காஞ்சிபுரத்தைச் சாய்த்தேன். வரியின் தொடக்கத்தில் ஏணி மாதிரி இருக்கும் குறியைப் போட்டால் தலைப்பாகிவிடும் என்று படித்ததும், பாய் தன் கடைப் பெயரை அதில் போட்டுப் பார்க்கச் சொன்னார். அது பாதித் திரையை அடைத்துக்கொண்டு நின்றது. பாய்க்கு அதை அழிக்க மனசே இல்லை. அண்ணிதான் அதட்டினார். “ஒடம்பு பூரா ஜரிகை போட்டா பார்டர் எங்க தெரியும்? எல்லாத்தையும் எடும்மா.” எடுத்தேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான்.

பக்கத்தின் அடிமட்டத்தில்தான் எங்களுக்கு வேண்டியது இருந்தது. அடித்ததை அடித்தபடியே காட்ட வேண்டுமானால், மேலே மூன்று, கீழே மூன்று என்று ஒரு சாய்ந்த குட்டிக் கோட்டைப் போட வேண்டும். அதற்குள் இருக்கும் எதையும் தளம் தொடாது. எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம், கட்டத்துக்குக் கட்டம் சரியாக நிற்கும். அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று மூன்று தலைகளும் விசைப்பலகை மேல் கவிழ்ந்தன. இடது மூலையில் இருந்தது. பாய் கடையில் மற்ற விசைகளெல்லாம் எழுத்தே தெரியாமல் தேய்ந்துபோயிருக்க, அதை மட்டும் ஒருவரும் தொட்டதில்லை போலும், வாங்கிய அன்றைய பளபளப்போடு இருந்தது. மேலே மூன்று தட்டு, கீழே மூன்று தட்டு. பொத்தானை அழுத்தினேன்.

அன்னம் வந்து நின்றது. அலகிலிருந்து வால் நுனிவரை, நடுவில் ஒரு குத்துவிளக்கு, எதிரே இன்னோர் அன்னம். பாய் “மாஷா அல்லாஹ்” என்றார். பத்திரிகை மாடல் பார்க்க வாலாஜாபாத்திலிருந்து வந்திருந்த பெண் வீட்டார் திரும்பிப் பார்க்கும்படி நான் கைதட்டினேன். அண்ணி நாற்காலி நுனியிலிருந்து முதல் முறையாக நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

மறுநாள் சனிக்கிழமை மதியம் பதில் வந்தது. மலேசியப் பெண் வெறும் சொல்லால் பதில் எழுதவில்லை. அண்ணியின் படத்தை அப்படியே எடுத்து, அதே மாதிரி கோடுகளுக்கு நடுவே வைத்து, இடது அன்னத்தின் தலையில் மட்டும் நட்சத்திரங்களை மாற்றி அடித்திருந்தார். தன் அம்மா புடவையில் இந்த அன்னம் திரும்பிப் பார்க்கும், மற்றபடி இதுதான், இதேதான் என்று எழுதியிருந்தார். அண்ணிக்குக் கண் கலங்கிவிட்டது. “கிராப் தெரிஞ்ச கை இல்ல. ஆனா கண்ணு சரியா இருக்குது” என்றார். கடைசி வரியில், நெய்து தரப்போவது யார், பெயர் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார் அந்தப் பெண். நான் பழக்கதோஷத்தில் அண்ணன் பெயரை அடிக்கத் தொடங்கினேன். அண்ணி என் கையை நகர்த்திவிட்டு, எந்த எழுத்து எங்கே என்று கேட்டுக் கேட்டு, ஒற்றை விரலால் தன் பெயரை அடித்தார். முன்னால் இரண்டு நட்சத்திரம், பின்னால் இரண்டு நட்சத்திரம். அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன், எழுதினால் என்னை வீட்டுக்குள் விட மாட்டார்.

இன்று நான் சென்னையில் ஒரு நிறுவனத்தின் வலைத்தளத்துக்குப் பதிவுகள் எழுதிப் பிழைக்கிறேன். தலைப்புக்கு ஏணி, அழுத்தத்துக்கு நட்சத்திரம் என்று நாள் முழுக்க அதே வேலைதான். அண்ணியின் தறி அதே கூடத்தில் ஓடுகிறது, அவர் கிராப் பார்த்துக் கேட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் எனக்கு மறக்காதது அந்தச் சனிக்கிழமை மாலைதான்.

தடுப்புக்கு அளவெடுக்க டேப்பும் கையுமாக வந்த அண்ணனிடம் கைப்பேசியை நீட்டினேன். அவரும் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைதானே, அன்னத்தை விரலால் தடவித் தடவிக் கட்டம் எண்ணிப் பார்த்தார். திரும்பிய தலையைப் பார்த்ததும் டேப்பை ஆணியில் மாட்டினார். ஏனாத்தூர்ப் பையனைக் கூப்பிட்டு, “ரூம் இல்லபா, வேற எடம் பாத்துக்கோ” என்று சொல்லிவிட்டு, மறுபடியும் படிக்க உட்கார்ந்தார். கீழே இறங்கி, தடித்த எழுத்துகளுக்கு வந்து நின்றார். கல்யாணமான நாளிலிருந்து ‘இந்தாமே’ என்பதைத் தவிர அண்ணன் அண்ணியை வேறு எப்படியும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கடைப் பலகையை வாசிப்பதுபோல, ஒவ்வோர் எழுத்தாக, அந்தப் பெயரை வாய்விட்டு வாசித்தார்.

தறியில் உட்கார்ந்திருந்த அண்ணி, “இன்னா?” என்று கேட்டார்.