அறுப்புக்கு வெளியூர் ஆள் இறக்கிய எங்கள் அப்பா

திருவாரூருக்குக் கிழக்கே ஓர் ஆற்றங்கரை ஊரில், மிராசுதார் வீட்டு மூத்த மகனாய்ப் பிறந்தவர் எங்கள் அப்பா. "கூலித் தகராறு வருஷத்த மட்டும் விட்டுடும்மா, நினைவு மலர்ல எதுக்கு அதெல்லாம்?" என்றார் சித்தப்பா. அதை விட்டால் அப்பாவில் பாதி போய்விடும். மன்னியுங்கள் சித்தப்பா.

கூலியை உயர்த்தாமல் அறுக்க மாட்டோம் என்று ஆட்கள் வயலை விட்டுக் கரையேறியபோது, மிராசுதார்களுக்குத் தலைமை தாங்கியவர் அப்பா. வெளியூர் ஆட்களை இறக்கி, போலீஸ் காவலோடு அறுப்பை முடித்தார். மறிக்க வந்த எங்கள் பண்ணையாள் மாரியப்பனுக்கு அந்தக் கைகலப்பில் கை ஒடிந்தது. அந்தத் தையில் அவர் வீட்டில் உலை வைக்கவில்லை. அப்பா ஜெயித்ததாகத்தான் ஊர் பேசியது. ஆனால் சில வருஷத்திலேயே கூலியும் உயர்ந்தது, நில உச்சவரம்புச் சட்டத்தில் எங்கள் நிலமும் பெரும்பகுதி போயிற்று.

பிறகு அப்பா ஆளுங்கட்சியில் சேர்ந்து சட்டமன்றத் தேர்தலில் நின்றார். பழக்கதோஷத்தைப் பாருங்கள்! "ஓட்டு விஷயமாப் பேசணும், எல்லாரையும் களத்துக்கு வரச் சொல்லு" என்று பண்ணையைப் பார்த்துக்கொண்ட காரியக்காரரை ஆட்கள் தெருவுக்கு அனுப்பிவிட்டு, நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஈ காக்காய் வரவில்லை. அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஏங்க, ஓட்டு கேக்குறவங்கதாங்க போகணும். கூப்பிட்டு வுட்டா வர்றதுக்கு இது என்ன நடவா?"

மறுநாள் எங்களையும் அழைத்துக்கொண்டு நடந்தே போனார். மாரியப்பனின் மனைவி மருதாயி அக்கா வாசலிலேயே மறித்தார். "அறுப்புக்கு வெளியூர் ஆளக் கொண்டாந்தீங்களே, ஓட்டையும் அங்கயே கேக்குறதுதானே?"

அப்பா தோள்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "நான் செஞ்சது தப்பு, மருதாயி" என்றார்.

அந்தத் தேர்தலில் தோற்றார், அடுத்ததில் ஜெயித்தார். குடியிருந்த மனைகளுக்குப் பட்டா வாங்கித் தர ஆபீஸ் ஆபீஸாக அலைந்தார். முதலில் எழுதிக் கொடுத்தது எங்கள் நிலத்து மனைகளை. உறவில் சிலர் பேச்சையே நிறுத்திக்கொண்டார்கள். அந்த வருத்தம் அவருக்குக் கடைசிவரை இருந்தது. ஆனாலும் ஒரு மனையைக்கூடத் திருப்பிக் கேட்கவில்லை. அப்படிப்பட்டவருக்கு மகளாய்ப் பிறந்தேனே, அது என் பாக்கியம்.

அப்பா படுக்கையில் கிடந்த மாதங்களில் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட அண்ணிக்கும், கூப்பிட்ட நேரத்துக்கு வந்த டாக்டருக்கும், காரியம் முடியும்வரை எங்களுக்குச் சோறு பொங்கிப் போட்ட பக்கத்து வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது.

மருதாயி அக்காவிடம் போய், "உங்களப் பத்தியும் எழுதட்டுங்களா?" என்று கேட்டேன்.

"எழுதுங்கம்மா. நான் அவங்கள மன்னிக்கல. ஆனா சாவு சேதி கேட்டதும் போட்டது போட்டபடி ஓடியாந்தேன். ரெண்டையும் எழுதுங்க."

எழுதிவிட்டேன் அக்கா. நீங்கள் வந்ததற்கு நன்றி.