எதிர்வீட்டுக் குளிர்ச்சி

மதியம் இரண்டு மணிக்குப் பேத்தி பசித்து அழுதாள். கழுகுமலைப் பள்ளி வேலைக்குக் கிளம்புமுன் மகள் பீய்ச்சி வைத்த தாய்ப்பாலை வாங்க, வழக்கத்தைவிட முன்னதாகவே எதிர்வீட்டுக்குப் போனேன். எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லை; அவர்கள் ஃப்ரிட்ஜில் வைக்கத்தான் கொடுப்போம்.

“கண்ணாடிப் பாட்டில் உடைஞ்சிரும்க்கா, சில்வர் தூக்குல தாங்க” என்று கேட்டு வாங்கியவள் அந்த வீட்டு மருமகள்தான். தினமும் முந்தானையால் ஈரம் துடைத்துத் தருவாள். பேத்தியின் பாதத்தில் முத்தமிடாமல் போகமாட்டாள்.

தூக்கு புறவாசலில், தண்ணீர் வாளிக்குள் கிடந்தது. திறந்தேன். புளித்த வாடை. பேத்திக்கு ஒரு வாரமாக வயிற்றுப்போக்கு.

“ஃப்ரிட்ஜ்ல வச்சா எங்க அத்த வைவாவக்கா. சில்வருன்னா தண்ணியிலயே சில்லுன்னு ஆயிரும்லா?”

அப்படியானால் கேட்டு வாங்கிய அன்றே முடிவு செய்திருக்கிறாள்.

சாயங்காலம் அவள் மாமியார் வந்தார். கேட்டேன்.

“நான் எதுக்குத் தாயி வையப்போறேன்? அவளுக்குத்தான் அருவருப்பு” என்றார்.