கலாவதி வீட்டு பிரிட்ஜில் தேங்கிய தண்ணீர்

பிள்ளையார்பாளையத்தில் அந்தத் தெருவுக்கே ஒரே பிரிட்ஜ் கலாவதி வீட்டில்தான் இருந்தது. ஆடம்பரத்துக்காக வாங்கியதல்ல. எழுபத்து மூன்றாம் வருஷம் அவள் கணவர் கைலாசத்துக்குச் சர்க்கரை வியாதி முற்றி, தினமும் இன்சுலின் போட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மதராசில் ஏலத்துக்கு வந்த பழைய சீமை பிரிட்ஜ் ஒன்றை லாரியில் ஏற்றி வந்தார்கள்.

ஊசி போடுவது, அவர் கால் புண்ணுக்குக் கட்டு மாற்றுவது, அவர் விட்ட தறியில் உட்காருவது எல்லாம் கலாவதிதான். இதற்கு நடுவில் பிரிட்ஜ் வேறு. காலையில் திறந்தால் அடித்தட்டில் குளமாகத் தண்ணீர். துடைத்துப் பிழிந்து நிமிர்வதற்குள் இடுப்பு விட்டுப்போகும். மறுநாள் மறுபடியும் நிற்கும்.

மெக்கானிக் வந்து கதவு ரப்பரை மாற்றினார். கலாவதி பிரிட்ஜின் கால்களுக்கு அடியில் பலகை வைத்துப் பார்த்தாள். தண்ணீர் தேங்குவது நிற்கவில்லை.

எதிர்வீட்டுக் கிருஷ்ணம்மாள் ஏகாம்பரநாதர் கோயில் வாசலில் பூ விற்பவள். மிஞ்சிய பூவை ஈரத் துணியில் சுற்றி அந்த பிரிட்ஜில்தான் வைப்பாள். ஒருநாள் கலாவதி அவளை வாசலிலேயே நிறுத்திவிட்டாள்.

"ஈரப்பூவ வச்சி வச்சித்தாங்க்கா தண்ணி நிக்குது. இனிமே வைக்காதீங்க. என்னால முடியல."

கிருஷ்ணம்மாள் பூக்கூடையோடு திரும்பிப் போனாள்.

பூ போன பிறகும் தண்ணீர் தேங்கியது.

ஒரு மத்தியானம் கரண்டு போயிருந்தது. கலாவதி எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு, திறந்த பிரிட்ஜுக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எழுந்திருக்கத் தெம்பில்லை. ஐஸ் உருகி, கீழே இருந்த தட்டில் சொட்டியது. தட்டின் பின்பக்கம் தண்ணீர் வெளியேற ஒரு துளை இருந்தது. ஆனால் தண்ணீர் அதில் இறங்காமல் தட்டு நிரம்பி வழிந்தது. ஈர்க்குச்சியை விட்டுக் குடைந்தாள். கறுத்துப்போன பஞ்சு வந்தது. இன்சுலின் பாட்டில் உருளாமல் இருக்க அவளே அணைவாக வைத்த பஞ்சு, பிய்ந்து துளைக்குள் இறங்கியிருந்தது. வெந்நீர் ஊற்றியதும் துளை களகளவென்று வாங்கிக்கொண்டது.

"இன்னாச்சி கலா?" என்றார் கைலாசம் கட்டிலிலிருந்து.

"அடைப்பு எடுத்துட்டேங்க. நான்தான் அடைச்சி வச்சிருக்கிறேன்."

எல்லாவற்றையும் திரும்ப உள்ளே வைத்துவிட்டு, முகம் கூடக் கழுவாமல் எதிர்வீட்டுக்குப் போனாள். கிருஷ்ணம்மாள் பூத் தொடுத்துக்கொண்டிருந்தாள்.

"உங்க பூவால இல்லக்கா. தெரியாம சொல்லிட்டேன். மறுபடியும் கொண்டாந்து வையுங்க."

"நான் இப்பல்லாம் சாயங்காலமே கம்மி வெலைக்குத் தள்ளிடறேம்மா" என்றாள் கிருஷ்ணம்மாள், தலை நிமிராமல். பிறகு நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். "நீ மொதல்ல போயி செத்த நேரம் படு. கண்ணு உள்ள போயிருக்குது பாரு."

கலாவதி வந்து சமையற்கட்டில் வெறுந்தரையிலேயே படுத்தாள். தறி அப்படியே கிடந்தது. பொழுது சாயும்போது யாரோ உள்ளே வந்து பிரிட்ஜைத் திறக்கும் சத்தம் கேட்டது. கதவு மெள்ளச் சாத்தப்பட்டது. பூ வாசனையிலேயே யார் என்று அவளுக்குத் தெரிந்தது. எழுந்து பேச வேண்டும் என்று நினைத்தாள். உடம்பு வரவில்லை. அப்படியே தூங்கிப்போனாள்.