முதல் பந்தி

காமேஸ்வரி மலைக்கோயில் மடப்பள்ளியில் தலைமுறை தலைமுறையாகக் கரண்டி பிடித்த குடும்பத்தில் வந்தவள். புருஷன் செத்தபின் திருத்தணிக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரி விடுதியில் சமையலுக்குச் சேர்ந்தாள். வாய் கொஞ்சம் நீளம்தான். ஆனால் அவள் ரசத்தை ஒருமுறை சாப்பிட்டவன் அந்த வாயைப் பெரிதுபடுத்த மாட்டான். முதலில் உட்கார்ந்தவனுக்கு முதலில் சோறு, பந்தியில் பாதியில் எழுந்தவனுக்கு மறுசோறு கிடையாது என்பது அவள் சட்டம்.

தொண்ணூற்றெட்டில் ரூபஸ் அங்கே படிக்க வந்தான். பொதட்டூர்பேட்டையில் கூலிக்குத் தறி ஓட்டும் தானியேலின் மகன், காலனிக் கிறிஸ்தவன். ஒருநாள் மதியம் முதல் பந்தியில் உட்கார்ந்தான். காமேஸ்வரியின் ஜனத்தில் பிறந்த சீனியர் மாணவன் கஜபதி நான்கு பேரோடு வந்து நின்றான்.

"காலனிக்காரனுக்கு முதல் பந்தி கேக்குதா? ஏந்திரிடா."

"நான் இன்னாத்துக்கு ஏந்திரிக்கணும்?"

இழுத்துப் போட்டு மிதித்தார்கள். வலது கை ஒடிந்தது. சாதியையும் கிறிஸ்தவ வேதத்தையும் சேர்த்து அவர்கள் பேசிய பேச்சைக் காமேஸ்வரி கரண்டியும் கையுமாக நின்று கேட்டாள். அவள் போட்ட கூச்சலில்தான் விட்டார்கள்.

மறுநாள் கல்லூரி முதல்வர் கோதண்டபாணி, ரூபஸையும் தானியேலையும் கஜபதி கூட்டத்தையும் தன் அறைக்கு வரவழைத்து, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க உட்கார்ந்தார். மேசைமேல் தட்டில் கற்பூரம் எரிந்தது. "பையன் தடுக்கி விழுந்தான்னு இவங்க சொல்றாங்க. அடிச்சாங்கன்னு நீ சொன்னா, கற்பூரத்தை அணைச்சு சத்தியம் பண்ணு. இங்கேயே முடிச்சுக்கலாம்" என்றார் தானியேலிடம்.

"நாங்க வேதக்காரங்க. கற்பூரம் அணைக்கிற வழக்கம் இல்லீங்க. போலீசுக்குப் புகார் அனுப்புங்க, அது போதும்" என்றார் தானியேல்.

"பாத்தீங்களா? சத்தியத்துக்குப் பயப்படறான்" என்றான் கஜபதி. கூட இருந்த ஆசிரியர்கள் சிரித்தார்கள். படித்தவர்கள்! ஒடிந்த கை கண்ணெதிரே தொங்குகிறது, இவர்களுக்குச் சாட்சி போதவில்லையாம்.

வாசலில் நின்று கேட்ட காமேஸ்வரிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. உள்ளே வந்து, எரிந்த கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தாள்.

"அந்த முருகன் சத்தியமா நான் பாத்தேன். கைய ஒடிச்சது இந்தக் கஜபதிதான்."

முதல்வர் முகம் வெளுத்தது. "சரிம்மா, மன்னிப்புக் கேக்கச் சொல்றேன். இதோட விடு."

"சாமிகிட்ட சொல்லியாச்சு சார். இனி ஸ்டேஷன்ல சொல்லணும். வாங்க தானியேல், போலாம்."

புகார் பதிவானது. கஜபதியைக் கல்லூரி நீக்கியது, வேறு வழியில்லாமல். "நம்ம ஜனத்தையே காட்டிக்கொடுத்துட்டியே" என்று தெருவே காமேஸ்வரியைத் தூற்றியது. "ஒடிச்சவன் எனக்கு ஜனமா?" என்று கேட்டுவிட்டு வேலைக்குப் போனாள்.

கட்டுப்போட்ட கையோடு ரூபஸ் திரும்பி வந்தான். நேரே முதல் பந்தியில், அதே இடத்தில் உட்கார்ந்தான். பக்கத்தில் இருந்த மூன்று பேர் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்தார்கள். பசி தாளாமல் கடைசிப் பந்திக்கு வந்து தட்டை நீட்டினார்கள்.

"பந்தியில பாதியில எழுந்தவனுக்கு மறுசோறு கிடையாது" என்றாள் காமேஸ்வரி. சோற்றுக்குண்டானை மூடினாள்.