தாடியோடு கடலுக்கு

கிருஷ்ணகிரி பஸ் நிலையத்தில் பாண்டிச்சேரி பஸ் ஒரு மணி நேரமாகக் கிளம்பாமல் நிற்கிறது. நான் இறங்குவதும் ஏறுவதுமாக இருக்கிறேன். ஓசூர் கம்பெனியில் இரண்டு நாள்தான் லீவு கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு முடிந்ததும் மனைவியை அவள் அம்மா வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். அதற்குள் கடலைப் பார்த்துவிட வேண்டும். இருவருமே பார்த்ததில்லை.

மாங்காய்க் கீற்று விற்கும் அம்மா ஜன்னலோரம் வந்து, உள்ளே உட்கார்ந்திருக்கும் மனைவியின் வயிற்றையும் ஆறு மாதமாகச் சவரம் செய்யாத என் முகத்தையும் பார்க்கிறார்.

"எங்கப்பா போறீங்க?"

"கடல்ல குளிக்க."

"பொண்டாட்டி மாசமா இருக்கறப்ப புருசன் கடல்ல எறங்கக் கூடாதுப்பா. தாடி மட்டும் வுட்டாப் போதுமா?"

நான் ஒரு கீற்று வாங்கிக் கொடுக்கிறேன். மனைவி மாங்காயைக் கடித்துக்கொண்டே வயிற்றில் கை வைக்கிறாள்.

"நீங்க கரையில நின்னு செருப்பப் பாத்துக்குங்க. நாங்க ரெண்டு பேரும் எறங்கறோம்."