ஒரு கரண்டித் தேத்தண்ணி

முனைவர் பட்ட ஆய்வுக்காக நான் யாழ்ப்பாணம் திரும்பியபோது என்னிடம் இருந்த கேள்வி சின்னது. மறதிநோய் முற்றியவர்களுக்கு விழுங்குவதும் மறந்துபோகும். வாய்க்குள் வைத்த சோறு அங்கேயே கிடக்கும். குடித்த தண்ணீர் வழி தவறி மூச்சுக்குழாய்க்குள் இறங்கும், பிறகு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வரும். இவர்களைப் பார்ப்பது பேச்சுச் சிகிச்சையாளர்களின் வேலை. பேச்சுக்கும் விழுங்கலுக்கும் ஒரே தொண்டைதானே. எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக்கூடாது என்று நோயாளியின் வீட்டில் வைத்து அவர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்பதைத்தான் நான் எழுத வேண்டியிருந்தது.

எங்கள் பக்கம் அந்த வேலை செய்பவர்கள் மிகக் குறைவு. அவர்களில் ஒருத்தி என்னைத் தன் ஸ்கூட்டியின் பின்னால் ஏற்றிக்கொள்ளச் சம்மதித்தாள். உடுப்பிட்டிக்காரி, என்னைவிட இளையவள். வேகமாக ஓட்டுவாள், ஆறுதலாகக் கதைப்பாள். அவளோடு எத்தனையோ வீடுகளுக்குப் போனேன். உடுவிலில் இருந்த ஒரு வீடு மட்டும் இன்றைக்கும் என்னை விடவில்லை.

அந்த வீட்டில் கணவனும் மனைவியும் மட்டும்தான். ஐயா கூட்டுறவுச் சங்கக்கடை முகாமையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியையாக இருந்தவர். "இவ இந்தத் தொங்கலிலை நிண்டு கூப்பிட்டா, மைதானத்தின்ரை அந்தத் தொங்கலிலை ஓடுற பிள்ளை நிக்கும்," என்று ஐயா முதல் நாளே சொன்னார். நாங்கள் போன காலத்தில் அந்தக் குரல் அடங்கிப் பல மாதங்கள் ஆகியிருந்தன. யன்னலோரக் கதிரையில் அம்மா இருப்பார். நாங்கள் உள்ளே வந்தால் முகத்தைத் திருப்பிப் பார்ப்பார், அவ்வளவுதான்.

சிகிச்சையாளர் அம்மாவின் தொண்டையில் இரண்டு விரல்களை மெல்ல வைத்து, ஒரு கரண்டித் தண்ணீர் கொடுத்துப் பார்த்தாள். தொண்டை மேலெழும்பப் பிந்தியது. பிறகு இருமல்.

"தண்ணியாய் ஒண்டும் குடுக்கக்கூடாது ஐயா. தேத்தண்ணியெண்டாலும் மாக் கலந்து தடிப்பாக்கித்தான் குடுக்கவேணும்," என்றாள்.

ஐயா சொன்னபடி செய்தார். அதற்கென்றே கொழும்பிலிருந்து ஒரு மா வாங்குவித்து, கட்டியில்லாமல் கரைத்து, கரண்டியில் எடுத்து, "இஞ்சை பாரும், ஒரு வாய் குடியும்," என்று கெஞ்சுவார். அம்மா நாக்கால் அதை வெளியே தள்ளிவிடுவார். சோற்றுக் கஞ்சியும் மசித்த வாழைப்பழமும் உள்ளே போகும். அந்தத் தேத்தண்ணி மட்டும் போகாது.

"இது தேத்தண்ணி இல்லையெண்டு அவவுக்கு விளங்குது, மிஸ்," என்றார் ஐயா.

ஒரு பின்னேரம் நாங்கள் சொல்லாமல் போய்விட்டோம். அம்மா தனியே இருந்தார். ஐயாவைத் தேடிப் பின்பக்கம் போனால், கிணற்றடியில் நின்றபடி தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் கோப்பையைச் சட்டென்று கீழே வைத்தார்.

"கலியாணம் கட்டின நாளிலையிருந்து பின்னேரத் தேத்தண்ணி ரெண்டுபேரும் சேர்ந்துதான் குடிக்கிறது. இப்ப அவவுக்கு முன்னாலை குடிக்க எனக்கு மனம் வருகுதில்லை. அதுதான் இஞ்சை வந்து கள்ளன் மாதிரி நிண்டு குடிக்கிறன்." சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

திரும்பும் வழியில் சிகிச்சையாளர் அன்றைக்கு மெதுவாகத்தான் ஓட்டினாள்.

கொஞ்ச நாளில் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து ஆசுப்பத்திரியில் வைத்திருந்தார்கள். மெலிந்து வீடு திரும்பினார். எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் வந்துவிட்டது. கனடாவில் இருந்த ஒரே மகன் வீடியோவில் வந்தான். தாயின் கன்னம் ஒட்டியிருப்பதைக் கண்டதும் அழுதுவிட்டான்.

"மூக்காலை குழாயைப் போடச் சொல்லுங்கோ அப்பா. அம்மா பட்டினி கிடக்கிறதை என்னாலை பாக்கேலாது."

ஐயா தொலைபேசியைச் சிகிச்சையாளரிடம் நீட்டினார். அவள் கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்தாள்.

"அண்ணை, குழாய் போட்டாலும் எச்சில் வழி தவறிப் போகும். காய்ச்சல் வராதெண்டு நான் பொய் சொல்லமாட்டன். வாயாலை குடுத்தாலும் பயம் இருக்கு, அதையும் மறைக்கமாட்டன். ஆனா ஒண்டு, குழாயை அம்மா இழுப்பா. இழுத்தா கையைக் கட்டிவைக்க வேண்டிவரும்."

"கையையோ?"

"ஓம். சில பேருக்கு அப்பிடித்தான் செய்யவேண்டி வந்தது."

மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டான்: "அப்ப என்ன செய்யலாம், மிஸ்?"

"அவவுக்கு விருப்பமானதை, அவவுக்கு ஏலுமான அளவிலை குடுப்பம். டொக்டரிட்டையும் கேட்டுத்தான் செய்வம்."

வைத்தியரும் ஒத்துக்கொண்டார். அடுத்த வாரம் அச்சுவேலிக்குப் போகும் வழியில் உடுவில் வீட்டில் இறங்கினோம். அன்றைக்கு ஆய்வு வேலை ஒன்றும் இருக்கவில்லை, ஒலிப்பதிவுக் கருவியை நான் அறையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். சிகிச்சையாளர் முதலில் அம்மாவின் வாயைத் துடைத்துச் சுத்தமாக்கினாள். நிமிர்த்தி இருத்தினாள். தலையைக் குனியவைத்து நாடியைச் சற்றுக் கீழே இறக்கிப் பிடித்தாள். ஐயா மாக் கலக்காத சாதாரணப் பிளேன் ரீ ஊற்றிக்கொண்டு வந்தார், ஒன்றுக்கு இரண்டு கோப்பை. கரண்டி நுனியில் கொஞ்சமாக எடுத்து அம்மாவின் உதட்டில் வைத்தார்.

அம்மா வாயை மூடினார். நாங்கள் மூன்று பேரும் அந்தத் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது மேலே ஏறி இறங்கியது. இருமல் வரவில்லை.

"சீனி காணாது," என்றார் அம்மா.

ஐயா கரண்டியும் கையுமாகக் குசினிக்குள் ஓடினார். சீனிப் போத்தலின் மூடி நிலத்தில் விழுந்து உருளும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து சீனி போட்டுக் கலக்கி, இன்னும் இரண்டு மூன்று கரண்டி கொடுத்தார். அம்மா குடித்தார். வேறு ஒன்றும் பேசவில்லை. தனது கோப்பையை ஐயா அம்மாவுக்குப் பக்கத்திலேயே இருந்து குடித்தார்.

அந்த மாதக் கடைசியில் மகன் வந்தான். கரண்டியை எப்படிப் பிடிப்பது, எவ்வளவு நேரம் பொறுப்பது என்று சிகிச்சையாளர் காட்டிக் கொடுத்தாள். முதல் நாள் பாதி அம்மாவின் சட்டையில் சிந்தியது. போவதற்குள் தகப்பனைவிட நன்றாகக் கொடுக்கப் பழகிவிட்டான். தன்னோடு ஒரு சொல்லாவது பேசுவார் என்று ஒவ்வொரு கரண்டிக்குப் பிறகும் தாயின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா பேசவில்லை. விமானம் ஏறும் நாளில் அவனுடைய கையை மட்டும் நெடுநேரம் விடாமல் பிடித்திருந்தாராம்.

வெளிநாட்டில் நான் படிக்கும் ஊருக்குத் திரும்பினேன். அங்கே குளிர்காலத்தில் பின்னேரம் என்று ஒன்று கிடையாது. மத்தியானம் முடியும் முன்பே இருட்டிவிடும். எழுதிக்கொண்டிருக்கும்போது 'சீனி காணாது' என்ற அந்த இரண்டு சொற்களையும் மனதுக்குள் கேட்டுப் பார்ப்பேன். சொற்கள் வரும், குரல் வராது. அது கரகரத்ததா, மெல்லியதா என்று கடைசியில் எனக்கே சந்தேகமாகிவிட்டது. மற்ற வீடுகளின் பதிவுகளைப் போட்டுக் கேட்பேன். பின்னணியில் காகம் கத்தும், பாண் விற்பவனின் வண்டிப் பாட்டு ஒழுங்கையால் போகும். நான் கேட்க ஏங்கியது மட்டும் எந்தப் பதிவிலும் இல்லை. அம்மா இறந்த செய்தியைச் சிகிச்சையாளர்தான் அனுப்பினாள். காலையில், ஐயா தலைமாட்டில் இருக்க, மூச்சு அடங்கியதாம்.

ஆய்வேட்டைக் கொடுத்து முடித்த பிறகு உடுவிலுக்குப் போனேன். யன்னலோரக் கதிரையில் இப்போது ஐயா இருந்தார்.

"எங்களைப் பற்றி எழுதினதை ஒருக்கா வாசியுங்கோ பிள்ளை. தமிழிலை சொல்லுங்கோ."

அந்த அத்தியாயத்தைத் தமிழாக்கி வாசிக்கத் தொடங்கினேன். "ஆய்வில் பங்கேற்ற பெண்மணி ஒருவர்..."

ஐயா கையை உயர்த்தினார். "ஆர் அது?"

"அம்மாதான் ஐயா. ஆய்விலை ஆரின்ரை பேரையும் போடேலாது."

ஐயா தலையாட்டினார். "புத்தகத்திலை போடவேண்டாம். இப்ப வாசிக்கேக்கை சொல்லலாம்தானே? இந்த வீட்டிலை அவவின்ரை பேரைச் சொல்ல இப்ப ஒருத்தரும் இல்லை."

முதலிலிருந்து தொடங்கினேன். பங்கேற்பாளர், நோயாளி, பெண்மணி என்று வந்த இடமெல்லாம் அம்மாவின் பெயரைச் சொல்லி வாசித்தேன். ஐயா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும், "இன்னொருக்கா," என்றார்.